சிறையா, வீட்டுக் காவலா? குறுகிய தண்டனைக்கு எது பொருந்தும்

ஆறு மாதமோ ஒன்பது மாதமோ சிறைக்குப் போக வேண்டிய ஒருவரிடம், "அந்தக் காலத்தை உங்கள் வீட்டிலேயே, காலில் ஒரு மின்னணுக் கண்காணிப்புப் பட்டையைக் கட்டிக்கொண்டு கழிக்கிறீர்களா?" என்று கேட்டால் என்ன சொல்வார்? யோசிக்காமல் சரி என்பார் என்றுதான் வெளியில் இருக்கும் நமக்குத் தோன்றும். பாதிக்கப்பட்டவர்களுக்குக் கோபம் வருவதும் அதனால்தான். பணத்தைச் சுருட்டியவன் சோபாவில் சாய்ந்து டிவி பார்ப்பதற்குப் பெயர் தண்டனையா என்று கேட்கிறார்கள்.

இந்த ஒப்பீடு எப்போதும் இங்கேயே மாட்டிக்கொள்கிறது: எது கடுமை, எது சலுகை. என்னைக் கேட்டால் முதலில் கேட்க வேண்டியது வேறு. அந்தச் சிறையை நடத்தப்போவது யார்? சிறைச்சாலையை அரசு நடத்துகிறது. சோறு போடுவது, மருந்து கொடுப்பது, பூட்டுவது, திறப்பது எல்லாம் அதன் பொறுப்பு. வீட்டுக் காவலில் அந்த வேலைகளில் பெரும்பகுதி சம்பளமில்லாமல் ஒரு மனைவியின் தலையிலோ அம்மாவின் தலையிலோ விழுகிறது. இதைக் கணக்கில் சேர்க்காமல் செய்யும் ஒப்பீடு பாதிக் கணக்குதான்.

முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெளிவாக்கிவிடலாம். செய்திகளில் வீட்டுக் காவல் என்றால் பெரும்பாலும் அரசியல் தலைவர் ஒருவரை வழக்கு விசாரணை ஏதுமின்றி அவர் வீட்டிலேயே அடைத்து, வாசலில் போலீஸ் நிறுத்துவது. அந்தக் கதை இங்கே வேண்டாம். முறையாக விசாரித்து, குற்றவாளி என்று தீர்ப்பான பிறகு, சிறைக்குப் பதிலாகவோ சிறைக்காலத்தின் கடைசிப் பகுதியாகவோ வீட்டில் இருக்கச் சொல்வதைத்தான் பார்க்கிறோம்.

அதிலும் நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு. நியூசிலாந்தில் 2007 அக்டோபர் முதல் இது தனித் தண்டனை. இரண்டு ஆண்டு அல்லது அதற்குக் குறைவான சிறை விதிக்கக்கூடிய வழக்குகளில், 14 நாள் முதல் 12 மாதம் வரை விதிக்கலாம். அனுமதி இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது. இங்கிலாந்தில் 1999 முதல் நடப்பது வேறு மாதிரி: சிறையில் ஒரு பகுதியைக் கழித்தவரை முன்கூட்டியே விடுவித்து, நாளுக்குக் குறைந்தது 9 மணி நேரம் வீட்டில் இருக்கச் சொல்கிறார்கள். பகலில் வேலைக்குப் போகலாம், இரவு அடங்கிவிட வேண்டும். இத்தாலி சிறை நெரிசல் தாங்காமல் 2010-ல் கடைசி 12 மாதத்தை வீட்டில் கழிக்கச் சட்டம் போட்டது, 2011-ல் அதை 18 மாதமாக நீட்டியது. இங்கிலாந்து முறையைப் பார்த்துவிட்டு நியூசிலாந்து முறையை "சும்மா ராத்திரி வீட்டில் இருப்பதுதானே" என்று எடை போடுபவர்கள் உண்டு. அப்படிப் போட முடியாது.

காலில் கட்டிய பட்டை

இந்தப் பட்டையின் பூர்வீகம் சற்று வேடிக்கையானது. 1960-களில் ஹார்வர்டில் ஸ்விட்ஸ்கெபெல் என்ற இரட்டைச் சகோதரர்கள், குற்றங்களில் சிக்கிய இளைஞர்களோடு ரேடியோ மூலம் தொடர்பில் இருக்க ஒரு கருவியை உருவாக்கினார்கள். இருக்க வேண்டிய இடத்துக்கு நேரத்துக்கு வந்தால் ஊக்கப்படுத்த வேண்டும், பாராட்ட வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். 1983-ல் அமெரிக்காவின் ஆல்புகர்க்கி நகரத்து நீதிபதி ஜாக் லவ், ஸ்பைடர்மேன் படக்கதையில் வில்லன் நாயகனின் கையில் மாட்டிவிடும் கருவியைப் பார்த்து, அதே போன்ற ஒன்றைச் செய்யச் சொல்லி குற்றவாளிகளின் காலில் கட்டினார். பாராட்டுவதற்கு என்று நினைத்தது பிடிப்பதற்கு என்று ஆகிவிட்டது. இன்றுவரை அப்படியேதான் இருக்கிறது.

கருவியில் இரண்டு வகை. பழைய வகையில் வீட்டில் ஒரு பெட்டி இருக்கும், பட்டை அதற்குப் பக்கத்தில் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் அதற்குத் தெரியும். புதிய வகையில் ஜிபிஎஸ் உண்டு, எங்கே போனாலும் தடம் பதியும். இரண்டாவதில் தினமும் சார்ஜ் போட வேண்டும். காலில் இருந்து கழற்ற முடியாது என்பதால் சுவர் பக்கத்தில் நாற்காலி போட்டு, ஒயரை மாட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். மின்சாரம் போனாலோ அசதியில் தூங்கிவிட்டாலோ பேட்டரி இறங்கும், கண்காணிப்பு அறையில் எச்சரிக்கை ஒலிக்கும். கனமான கான்கிரீட் சுவரும் தரைக்கடியில் உள்ள அறையும் சிக்னலை விழுங்கும். அது விதிமீறலா, கருவிக் கோளாறா என்பதைப் பார்த்துச் சொல்ல ஒரு மனிதர் வேண்டும், அவர் போனை எடுக்கும் நேரமாகவும் இருக்க வேண்டும்.

மனிதர்கள் சொதப்புவதும் உண்டு. 2011-ல் இங்கிலாந்தின் ராச்டேலில் ஒருவருக்குப் பட்டையை அவருடைய செயற்கைக் காலில் கட்டிவிட்டுப் போனார்கள். அவர் காலை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வெளியே கிளம்பிவிட்டார்.

அது சிரிப்பு. சிரிக்க முடியாததும் நடந்திருக்கிறது. கொரோனா காலத்தில் அமெரிக்க மத்தியச் சிறைத்துறை வீட்டுக்கு அனுப்பியவர்களில் 76 வயதுப் பெண்மணி ஒருவர் இருந்தார். 2021 ஜூனில் அவர் கணினி வகுப்பில் இருந்தபோது அதிகாரிகளின் அழைப்பை எடுக்கவில்லை. சில மணி நேரம் தொடர்பு கிடைக்காததை விதிமீறல் என்று சொல்லி மறுபடி சிறையில் அடைத்தார்கள். விஷயம் பெரிதாகி, அடுத்த மாதம் நீதிபதி ஒருவர் அவரை விடுவித்தார்.

சிறைக்குள் ஒருவர் விதியை மீறுவதற்கு வாய்ப்பு குறைவு, கதவுதான் பூட்டியிருக்கிறதே. வீட்டிலோ பூட்டாத கதவுக்கு முன்னால் நாள் முழுக்க உட்கார்ந்து, தன்னைத் தானே பூட்டிக்கொள்ள வேண்டும். பிள்ளை விளையாடப் போய் விழுந்தால் தூக்கிக்கொண்டு ஓடலாமா, அல்லது முதலில் போன் செய்து அனுமதி கேட்க வேண்டுமா? வேலை இடத்தில் ஒரு மணி நேரம் கூடுதலாக இருக்கச் சொன்னால்? பேருந்து தாமதமானால்? ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். அவரால் முடியாதபோது வீட்டில் இருப்பவர்கள்.

சிறையையே கேட்டு வாங்கியவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் மேரியன் கவுண்டியில் (நம் மாவட்டம் போன்றது), சிறைக்குப் பதிலாக வெளியில் தீவிரக் கண்காணிப்பில் இருக்கலாம் என்று சொன்னபோது கணிசமானோர் சிறையைத் தேர்ந்தெடுத்ததை குற்றவியல் ஆய்வாளர் ஜோன் பீட்டர்சிலியா 1990-ல் பதிவு செய்தார். அது முழு வீட்டுக் காவல் இல்லை. ஆனாலும் காரணம் இங்கேயும் பொருந்தும். சில மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தால் கணக்கு தீர்ந்தது. வெளியில் என்றால் ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் பின்னால் நிற்கிறார், தவறினால் கடைசியில் சிறைதான். "சொகுசுத் தண்டனை" என்று சொல்பவர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்கலாம்.

வீட்டில் இருப்பவர்கள்

இந்த விஷயத்தில் நியூசிலாந்து சட்டம் எனக்குப் பிடித்தது. குற்றவாளி ஒப்புக்கொண்டால் போதாது. அதே வீட்டில் வசிக்கும் பெரியவர்களிடம் நன்னடத்தை அலுவலர் பேச வேண்டும். இவர் என்ன குற்றம் செய்தார், முன்பு என்ன செய்தார் என்பதைச் சொல்ல வேண்டும். நிபந்தனைகளை விளக்கி அவர்கள் சம்மதத்தைப் பெற வேண்டும். அந்தச் சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்பதையும் தெரிவிக்க வேண்டும். வீடு பொருத்தமானது என்று நீதிமன்றத்துக்குத் தோன்றினால்தான் தண்டனையே விதிக்க முடியும்.

இது வெறும் சடங்கில்லை என்பது வீட்டுக்குள் நடப்பதை யோசித்தால் புரியும். அடைபட்டிருப்பவர் கடைக்குப் போக முடியாது, பில் கட்ட முடியாது, குழந்தையைப் பள்ளியில் விட முடியாது. எல்லாம் இன்னொருவர் செய்ய வேண்டும், அதுவும் சம்பாதித்துக்கொண்டே. நடு இரவில் அதிகாரி கதவைத் தட்டினால் முழு வீடும் எழுந்திருக்கும். உறவினர் வந்தால் காலைப் பார்ப்பார்கள் என்று யாரையும் கூப்பிடாமல் இருப்பார்கள். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது என்ற கவலை வேறு. இரண்டு அறை வீட்டில் எரிச்சலோடு ஒருவர் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தால், அந்த எரிச்சல் சுவரில் போய் முட்டாது. மனிதர்கள் மேல்தான் விழும்.

அதனால் குடும்ப வன்முறை வழக்கில், பாதிக்கப்பட்டவர் வாழும் வீட்டுக்கே அந்த நபரைக் காவலில் அனுப்புவது என் கணக்கில் பேச்சுக்கே இடமில்லாதது. சம்மதக் கையெழுத்து இருந்தாலும்கூட. அப்படிப்பட்ட வீட்டில் அந்தக் கையெழுத்து எப்படி வந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அவர் உள்ளே இருக்கும் ஆறு மாதம்தான் மூச்சு விடும் காலம் என்ற நிலை இருந்தால், சிறைதான் அந்தக் குடும்பத்துக்கு இரக்கமான தேர்வு.

மறுபக்கமும் உண்டு, அதுவும் கனமானது. குறுகிய சிறைத் தண்டனை செய்யும் சேதம் அதன் காலத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாதது. மூன்று மாதம் போதும், வேலை போய்விடும். வாடகை பாக்கி ஏறும், வீடு கைவிட்டுப் போகும். திருந்துவதற்கான பயிற்சியோ சிகிச்சையோ தொடங்குவதற்குள் விடுதலை நாள் வந்துவிடும். உள்ளே கிடைத்த சகவாசம் மட்டும் கூட வரும். வேலையும் வீடும் உள்ள ஒருவரை மூன்று மாதத்துக்காக இரண்டும் இல்லாதவராக மாற்றி வெளியே அனுப்புவதில் யாருக்கு என்ன லாபம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. குழந்தைகளுக்கும் வித்தியாசம் பெரிது. காலில் பட்டை கட்டிய அப்பா சாயங்காலம் வீட்டுப்பாடம் சொல்லித்தருவார். சிறையில் இருக்கும் அப்பாவைப் பார்க்க மனுப் போட வேண்டும்.

திரும்பத் தவறு செய்வது யார்?

இங்கே நல்ல தரவு கொஞ்சம் இருக்கிறது. சாதுவானவர்களை வீட்டுக்கும் முரடர்களை சிறைக்கும் அனுப்பிவிட்டு, "பாருங்கள், வீட்டில் இருந்தவர்கள் திருந்திவிட்டார்கள்" என்று சொன்னால் அது ஏமாற்று. அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸ் மாகாணத்தில் இயல்பாகவே ஒரு சோதனை அமைந்தது. எந்த வழக்கு எந்த நீதிபதியிடம் போகும் என்பது முறைப்பணியைப் பொறுத்தது. சில நீதிபதிகள் பட்டையைத் தாராளமாகக் கொடுத்தார்கள், சிலர் கொடுக்கவே மாட்டார்கள். ஆக ஒரே மாதிரியானவர்கள், அதிர்ஷ்டத்தைப் பொறுத்து, சிலர் சிறைக்கும் சிலர் வீட்டுக்கும் போனார்கள். டி டெல்லா, ஷார்கிராட்ஸ்கி என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் இதை ஆராய்ந்து 2013-ல் வெளியிட்டார்கள். வீட்டில் கண்காணிக்கப்பட்டவர்கள் மீண்டும் குற்றத்தில் சிக்குவது 11 முதல் 16 சதவீதப் புள்ளிகள் குறைந்திருந்தது. பிரான்சில் 2016-ல் வந்த ஆய்வு இவ்வளவு பெரிய வித்தியாசத்தைக் காணவில்லை. ஐந்து ஆண்டுக்குள் மறுபடி தண்டனை பெறுவது 6 முதல் 7 சதவீதப் புள்ளிகள் குறைவு என்றது. அர்ஜென்டினா சிறைகளின் நிலையை நினைத்துப் பார்த்தால் இந்த இடைவெளி ஆச்சரியமில்லை. சிறை எவ்வளவு மோசமோ, வீடு அவ்வளவு நல்லதாகத் தெரியும்.

ஆனால் அர்ஜென்டினா கதையின் மறுபாதியும் சொல்ல வேண்டும். அங்கே கடுமையான குற்றங்களில் கைதானவர்களுக்கும் பட்டை கொடுத்தார்கள். 2008-ல் அப்படிக் கண்காணிப்பில் இருந்த ஒருவர் ஒரு குடும்பத்தையே கொன்ற வழக்கில் சிக்கியதும் திட்டத்தை நிறுத்திவைத்தார்கள். சராசரியில் நல்ல பலன் தரும் திட்டத்தை ஒரே ஒரு சம்பவம் கவிழ்த்துவிடும். பட்டை ஒருவர் எங்கே இருக்கிறார் என்று சொல்லும், என்ன செய்கிறார் என்று சொல்லாது. கத்தியைப் பிடித்த கையை அது தடுக்காது. கொடும் வன்முறைக்கு வாய்ப்புள்ளவரை இதில் சேர்ப்பது மற்ற நூறு பேருக்கும் செய்யும் துரோகம்.

அமெரிக்காவில் கொரோனா காலத்தில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் பத்தாயிரத்துக்கும் மேல். அவர்களில் புதுக் குற்றம் செய்து திரும்பியவர்கள் மிகச் சொற்பம். வயதானவர்கள், நோயாளிகள், ஆபத்து குறைந்தவர்கள் என்று பார்த்துப் பார்த்து அனுப்பினார்கள் என்பதையும் சேர்த்தே அந்தக் கணக்கைப் படிக்க வேண்டும். ஆளைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

காசு

வீட்டுக் காவல் மலிவு என்பது அரசுகளுக்குப் பிடித்த வாதம். அரசுக்கு மலிவுதான், சந்தேகமில்லை. கட்டிடம், காவலர், மூன்று வேளைச் சாப்பாடு எதுவும் இல்லையே. ஆனால் செலவில் ஒரு பங்கு காணாமல் போகவில்லை, இடம் மாறியிருக்கிறது. அமெரிக்காவில் பல கவுண்டிகளில் பட்டைக்கான தினக் கட்டணத்தை அதை அணிந்தவரே கட்டுகிறார். கட்ட முடியாதவர்களுக்கு அது கடன்.

இந்தியாவில் விசாரணைக் கைதியாக இருந்த கௌதம் நவ்லகாவின் வழக்கு இன்னும் தெளிவான உதாரணம். உடல்நிலை காரணமாக 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவரை வீட்டுக் காவலில் வைக்க அனுமதித்தது, காவல் செலவை அவரே ஏற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. 2024-ல் புலனாய்வு அமைப்பு கேட்ட தொகை சுமார் 1.64 கோடி ரூபாய். பட்டைக்குப் பதிலாக நாள் முழுக்கப் போலீசைக் காவல் வைத்தால் கணக்கு இப்படித்தான் ஆகும். அதே வழக்கில் 2021 மே மாதம், தண்டனை பெற்றவர்களுக்கும் வீட்டுக் காவலைப் பயன்படுத்தலாமா என்பதை நாடாளுமன்றம் யோசிக்கட்டும் என்று நீதிமன்றம் விட்டுவைத்திருந்தது. யோசிப்பவர்கள் இந்த பில்லையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு யோசிப்பது நல்லது.

கட்டணம் வாங்கத்தான் வேண்டும் என்றால் சுவீடன் முறை எனக்கு நியாயமாகப் படுகிறது. வருமானம் உள்ளவர் நாளுக்கு ஒரு சிறு தொகை கொடுக்கிறார். அது கருவிக்குப் போவதில்லை, குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கான நிதிக்குப் போகிறது. இன்னொரு பக்கம், கண்காணிப்பைத் தனியாருக்கு விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்து இருக்கிறது. சிறைக்குத் திரும்பியவர்கள், இறந்தவர்கள் பெயரில்கூட நிறுவனங்கள் பணம் வாங்கியது 2013-ல் வெளிப்பட்டது. செர்கோவும் ஜி4எஸ்ஸும் கோடிக்கணக்கான பவுண்டுகளைத் திருப்பிக் கொடுத்தன.

வேறு வழிகள்

சிறை, வீடு என்ற இரண்டுதான் உண்டு என்று நினைக்க வேண்டாம். திறந்தவெளிச் சிறையில் பகலில் வெளியே வேலை, இரவில் திரும்ப வேண்டும். வீடே இல்லாதவருக்கும், வீடு விஷமாக இருப்பவருக்கும் இதுதான் நல்லது. இத்தாலியில் அந்த 2010 சட்டம் வந்தபோது தங்க முகவரி இல்லாதவர்கள், குறிப்பாக வெளிநாட்டவர்கள், பயன்பெற முடியாமல் உள்ளேயே இருந்தார்கள். வீடு இருப்பவனுக்கு விடுதலை, இல்லாதவனுக்குச் சிறை என்றால் அது சொத்தைப் பார்த்துத் தரும் நீதி. வீட்டுக் காவலைக் கொண்டுவரும் எந்த அரசும் கூடவே சில தங்குமிடங்களையும் கட்டியாக வேண்டும்.

வார இறுதியில் மட்டும் சிறை என்ற முறையும் சில இடங்களில் உண்டு. வேலை போகாது, ஆனால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் புதிதாகச் சிறைக்குப் போகும் பயம். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. சமூக சேவை, அபராதம், நிறுத்திவைத்த தண்டனை இவையெல்லாம் போதுமான குற்றத்துக்கு வீட்டுக் காவலைக் கொடுப்பதுதான் நான் கவலைப்படும் விஷயம். பட்டை கையில் இருக்கிறதே என்று, சிறைக்கே போயிருக்காதவர்களின் காலிலும் அதைக் கட்டத் தோன்றும். அப்போது சிறையில் ஒருவர்கூடக் குறைய மாட்டார், வீடுகளில் மட்டும் கைதிகள் கூடுவார்கள். சட்டம் தெளிவாக இருக்க வேண்டும்: வேறு வழியில்லாமல் சிறைதான் என்று முடிவான பிறகே வீட்டுக் காவல் என்ற கேள்வி எழ வேண்டும்.

சரி, முடிவெடுக்க வேண்டிய இடத்தில் இருந்தால் நான் எப்படிப் பிரிப்பேன்? வன்முறை இல்லாத குற்றம், ஓராண்டுக்குள் தண்டனை, வேலையோ படிப்போ உண்டு, வீட்டார் மனதார ஏற்கிறார்கள் என்றால் வீட்டுக் காவல், தயக்கமே இல்லை. ஆறு மாதத்தைத் தாண்டினால் பகல் வேலைக்கு அனுமதி கட்டாயம் வேண்டும். சுவீடன் குறைவான காலத்தில் தொடங்கி 2005-ல் உச்ச வரம்பை 6 மாதத்துக்குக் கொண்டுவந்தது, அங்கே வேலை, படிப்பு போன்ற ஏதாவது ஒன்றில் ஈடுபட்டே ஆக வேண்டும், மது முழுத் தடை, சொல்லாமல் வந்து ஊதச் சொல்வார்கள். இந்த இறுக்கம் சரியானது. ஓராண்டைத் தாண்டினால் வீடு வீடாக இருக்காது. குடிப்பழக்கம்தான் குற்றத்துக்கு வேர் என்றால், சிகிச்சை இல்லாத வெறும் பட்டை வீண். முதியவர், தீராத நோயாளி, கைக்குழந்தையோடு இருக்கும் தாய் என்றால் காலவரம்பைத் தளர்த்தலாம்.

நீதிபதி நானில்லை, வீட்டில் இருக்கும் ஒருவர்தான் நான் என்றால், கையெழுத்துப் போடும் முன் அலுவலரிடம் சில கேள்விகளுக்குப் பதில் வாங்குவேன். நள்ளிரவில் அவசரம் என்றால் எந்த எண், எடுப்பது மனிதரா பதிவுக் குரலா? கருவி பழுதானால் அது யார் தவறாகப் பதிவாகும்? கட்டணம் உண்டா, தண்டனை பெற்றவர் கட்டாவிட்டால் என்னிடம் வருவார்களா? எனக்கு முடியவில்லை என்று நான் நாளை சொன்னால் அவரை எங்கே கொண்டுபோவீர்கள், நான் சொன்னேன் என்பது அவருக்குத் தெரியுமா? கடைசிக் கேள்வியை அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது யாராலும் கேட்க முடியாது. அதனால் அந்தச் சம்மதத்தை வீட்டுப் பெரியவர்கள் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக, அவர் இல்லாத அறையில் வைத்துத்தான் கேட்க வேண்டும்.